சென்னை–பினாங்கு வான்வழி: தூரமும் காற்றும்

2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் தொடங்கிய சென்னை–பினாங்கு நேரடிச் சேவை, வடமலேசியாவின் குருண், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டத் தமிழர் கோலாலம்பூர் வழியாகச் சுற்றித் தமிழகம் செல்லும் தேவையைக் குறைத்தது. உருண்டையான புவியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி 'பெருவட்டப் பாதை' எனப்படும். அதன்படி பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய 2,365 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோலாலம்பூர் வழியாகச் சுற்றினால் ஏறக்குறைய 590 கிலோமீட்டர் கூடுகிறது.

தூரம் மாறாதிருந்தும் பயணச்சீட்டில் காணும் நேரங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. பினாங்கில் காலை 10:00 மணிக்குப் புறப்பட்டு மூன்று மணி நேரம் பறக்கும் விமானம், சென்னைக் கடிகாரப்படி 10:30 மணிக்கே இறங்கிவிட, சென்னையில் 10:00 மணிக்குக் கிளம்பி அதே அளவு பறப்பது பினாங்கில் மாலை 3:30 மணிக்குத்தான் சேரும். இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கரேகை வேறுபாடு சுமார் 20 பாகைதான் என்பதால் சூரியக் கணக்கில் 80 நிமிடமே இடைவெளி. ஆயினும் தீபகற்ப மலேசியா 1982 தொடக்கத்தில் சபா, சரவாக் நேரத்தை ஏற்றுத் தன் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியதால், இந்தியாவுடனான வேறுபாடு இரண்டரை மணியாக உயர்ந்தது.

கடிகாரத்தைச் சரிசெய்த பின்னும் எஞ்சும் வேறுபாட்டுக்குக் காற்றே முதன்மைக் காரணம். சூழ்ந்துள்ள காற்றைச் சார்ந்து விமானம் பெறும் 'வான்வேகம்' மணிக்கு 830 கிலோமீட்டர் எனவும், கிழக்கிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது எனவும் கொண்டால், நிலத்தைச் சார்ந்த 'தரைவேகம்' மேற்கு நோக்கி 890 ஆகவும் கிழக்கு நோக்கி 770 ஆகவும் அமைந்து, ஏற்ற இறக்க நேரம் நீங்கலாக முன்னது 2 மணி 39 நிமிடமும் பின்னது 3 மணி 4 நிமிடமும் எடுக்கும். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் செலவிடுவதால், போக வர ஆகும் மொத்த நேரம் காற்றில்லா நாளைவிட ஏறக்குறைய 2 நிமிடம் கூடவே இருக்கும் என்பது கவனிக்கத்தக்கது.

வியப்புக்குரியது இக்காற்றின் திசை. தென்மேற்குப் பருவக்காலத்தில் கடல்மட்டக் காற்று கிழக்கு நோக்கி வீசுவதால், பழந்தமிழக வணிகக் கப்பல்கள் அதன் துணையோடு வங்கக் கடலைக் கடந்து, குருணுக்கு அருகே நிற்கும் ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு கடாரக் (இன்றைய கெடா) கரையை அணுகின. அதே மாதங்களில் அவற்றுக்கு மேலே, வளிமண்டலத்தின் உயரத்தில், காற்று நேர் எதிர்த்திசையில் விரைகிறது. 'வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று' எனப்படும் இதை விரிவாக ஆராய்ந்து 1958-இல் கட்டுரை வெளியிட்டவர் இந்திய வானிலையியலாளர் பி. கோடீஸ்வரம். கோடையில் திபெத்தியப் பீடபூமி சூடேறி, அதன் மேலுள்ள காற்று நிலநடுக்கோட்டுப் பகுதியில் அதே உயரத்திலுள்ள காற்றைவிட வெப்பமாகிவிடுவதால், வழக்கமான வெப்பநிலைச் சரிவு தலைகீழாகிறது. புவிச் சுழற்சியோடு சேர்ந்து அதுவே தென்னிந்தியாவின் அகலாங்கில் இந்தக் காற்றை உருவாக்குகிறது. இதன் மையம் 14 கிலோமீட்டருக்கு மேலே அமைந்திருந்தாலும், 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பயணிகள் விமானங்களை அதன் கீழ்விளிம்பு தொடுகிறது. அதனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பினாங்கிலிருந்து சென்னைக்குச் செல்லும் விமானம் பின்காற்றையும், திரும்பி வருவது எதிர்காற்றையும் சந்திக்கின்றன.