முதலாளியின் தலைமையும் ஊழியரின் மனநிறைவும்



நமது வடகரையில் பிழைப்புக்காக வளைகுடா சென்ற பிள்ளை இல்லாத தெருவைக் காண்பது அரிது. சம்பளம் சற்றுக் கூடினால் அவர்கள் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவர். அதைக் குறை கூற இயலாது. ஆயினும் சிலர் ஒரே இடத்தில் நெடுங்காலம் மனமொப்பி உழைக்கின்றனரே, அது எதனால்?

இதற்கு நம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஸோஹோ எனப் பெயர் மாறிய மென்பொருள் நிறுவனம், 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் தாமே அவ்வூரில் வந்து குடியேறினார். கிராமத்து ஊழியருக்கு எடுபிடி வேலையைத் தள்ளிவிடாமல், ஸோஹோ டெஸ்க் என்னும் முழு மென்பொருளை உருவாக்கும் பொறுப்பே இங்குள்ளவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நம்பி ஒப்படைக்கப்பட்ட மனிதன் அவ்வேலையைத் தன்னுடையதாகவே கருதுகிறான். வெளியார் முதலீடு பெறாமலும் பங்குச் சந்தைக்குச் செல்லாமலும் நடக்கும் நிறுவனமாதலால், மூன்று மாதத்திற்கொரு முறை இலாபக் கணக்குக் காட்டும் நெருக்கடியும் அதற்கு இல்லை. பொறுமை காட்ட அத்தலைமைக்கு இடமிருந்தது.

பள்ளிப்படிப்பு முடித்தோரைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் தந்து பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் கல்விக்கூடத்தையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நிறுவனம் நடத்திவருகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேயர், ஆலன் என்னும் ஆய்வாளர்கள் 1991இல் ஊழியரின் பிணைப்பை மூவகையாகப் பிரித்தனர். உள்ளத்துப் பற்றினால் தங்குவது ஒன்று. விட்டால் இழப்பு நேரும் என்று தங்குவது மற்றொன்று. நன்றிக்கடனாகத் தங்குவது மூன்றாவது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். கல்விக்கூடத்தில் பயின்றவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இராது. அருகில் அதற்கு ஈடான வேறு வேலையும் எளிதில் கிடைக்காது. அத்தகையவர் தங்குவதை மட்டும் வைத்து மனநிறைவு என்று முடிவு கட்டிவிடலாகாது. 'ஊரிலேயே பெற்றோருடன் இருக்கிறேன்' என்ற நிறைவும் முதலாளியின் பண்பால் மட்டும் வந்ததன்று.

பண்பால் வருவது எது? அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அக்காலம் முழுவதும் ஒரு சலிப்புச் சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று பின்னாளில் அறிவித்தார்கள். நம்மவர் கடைகளிலோ, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே பையனை ஏசுவது வழக்கமாகிவிட்டது!

ஒரு தனிமனிதரைச் சுற்றி அமைந்த பிணைப்பு அவர் விலகினால் நிற்குமா என்ற வினாவும் உண்டு. 2025 ஜனவரியில் வேம்பு தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பிலிருந்து விலகித் தலைமை விஞ்ஞானி ஆனார். சைலேஷ் குமார் டேவி அப்பொறுப்பை ஏற்றார். வேம்பு நிறுவனத்தை விட்டு நீங்காததால், அச்சோதனை இன்னும் முழுமையாக வரவில்லை.

ஐந்து பேரை வைத்துக் கடை நடத்தும் சகோதரர்களே, நீங்கள் இல்லாத நாளில் கல்லாவையும் கொள்முதலையும் நம்பி ஒப்படைக்க ஒருவரையேனும் பழக்கியிருக்கிறீர்களா?