உடற்கல்விப் பாடத்திட்டமிடலில் கற்றல் வகைப்பாடுகள்

கற்றல் வகைப்பாடு என்பது ஒரு பாடத்தின் முடிவில் மாணவர் எதை அறிந்திருக்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றைப் படிநிலைகளாக வரிசைப்படுத்தும் முறை ஆகும். உடற்கல்வியில், திறமை முன்னரே உள்ளவர் மட்டும் ஆடி மற்றவர் வேடிக்கை பார்க்கும் நிலையைத் தவிர்க்க இது உதவுகிறது.

தோற்றம்

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமின் தலைமையிலான குழு 1956இல் அறிவுசார் புலத்திற்கான வகைப்பாட்டை வெளியிட்டது. உணர்வுசார் புலத்திற்கான வகைப்பாடு 1964இல் வந்தது. உடல் திறன்களுக்குரிய உள இயக்கப் புலத்தை அக்குழு வகைப்படுத்தவில்லை. அதைப் பிறர் நிறைவு செய்தனர். எலிசபெத் சிம்ப்சன் ஏழு நிலைகளையும், அனிதா ஹாரோ ஆறு நிலைகளையும் முன்வைத்தனர்.

இந்தியக் கல்வியாளரான ஆர். எச். தவே 1970இல் வெளியிட்ட வகைப்பாடு ஐந்து நிலைகளை மட்டும் கொண்டது. எளிமையானது என்பதால் ஆசிரியர் பயிற்சியில் இது பரவலாகக் கற்பிக்கப்படுகிறது.

தவேயின் ஐந்து நிலைகள்

1. பாவனை செய்தல்: பார்த்து அப்படியே செய்தல்
2. கையாளுதல்: சொல்லும் குறிப்பைக் கேட்டுத் தானே செய்தல்
3. துல்லியம்: பிழை குறைந்து, துணையின்றிச் செய்தல்
4. ஒருங்கிணைத்தல்: பல திறன்களை ஒழுங்காக இணைத்தல்
5. இயல்பாதல்: நின்று யோசிக்காமல் தானாகவே செய்தல்

எடுத்துக்காட்டு: கபடிப் பாடம்

அரியலூர், பெரம்பலூர் மாவட்ட ஊர்ப்புறப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கபடிப் பாடம் திட்டமிடுவதாகக் கொள்வோம். ஊர்க் குழுவில் ஆடிப் பழகியவரும், ஆடுகளத்தில் கால் வைத்தே இராதவரும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். "மாணவர்கள் கபடி ஆடுவர்" என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் முதல்வகையினருக்குப் புதிதாக எதுவும் இல்லை. இரண்டாம் வகையினர் ஓரமாக நின்றுவிடுவர்.

எனவே, பாடிச் செல்பவர் கால்விரலால் எதிரணியினரைத் தொடும் ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று புலங்களிலும் நோக்கங்களை எழுதலாம்.

உள இயக்கப் புலம்: தொடக்கநிலையினர், ஆசிரியர் செய்வதைப் பார்த்து, நிலத்தில் வைத்த ஓர் அடையாளத்தைக் கால்விரலால் தொட்டுப் பின்வாங்குவர். அடுத்த குழு, அசையாமல் நிற்கும் தடுப்பாளரை உடல் சமநிலை குலையாமல் தொடும். தேர்ந்தவர்கள், நகரும் மூன்று தடுப்பாளருக்கு எதிராகப் பாடிச் சென்று, தொட்டு, 30 நொடிக்குள் நடுக்கோட்டிற்குத் திரும்புவர்.

அறிவுசார் புலம்: எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் இருக்கும்போது மட்டுமே போனஸ் புள்ளி உண்டு என்பதை நினைவுகூர்வது தொடக்க நிலை. ஐவர் மட்டும் நிற்கும்போது போனஸ் கோட்டை நோக்கிச் செல்வது ஏன் பயனற்றது என்று விளக்குவது அதற்கு மேற்பட்ட நிலை.

உணர்வுசார் புலம்: தொடப்பட்டதை நடுவர் சொல்லும் முன்பே ஒப்புக்கொண்டு வெளியேறுதல், புதிதாக ஆடுபவருக்கும் பாடிச் செல்ல வாய்ப்புத் தருதல்.

"அறிந்துகொள்வர்", "புரிந்துகொள்வர்" போன்ற சொற்களை ஆடுகளத்தில் கண்ணால் சரிபார்க்க இயலாது. "தொடுவர்", "விளக்குவர்", "வெளியேறுவர்" போன்ற வினைச்சொற்களே நோக்கங்களுக்குப் பொருத்தமானவை.

மதிப்பீடு

வெற்றி, தோல்வியை மட்டும் கணக்கிட்டால் உயரமும் வலிமையும் உள்ளவருக்கே மதிப்பெண் சேரும். நிலைகளைக் கொண்டு மதிப்பிடும்போது, பாவனை நிலையிலிருந்து துல்லிய நிலைக்கு வந்த மாணவரின் முன்னேற்றமும் பதிவாகிறது. ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் குறித்தாலே போதும். தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

வரம்புகள்

நிலைகள் ஏணிப்படிகள் போல ஒன்று முடிந்தபின் மற்றொன்று என அமைவதில்லை. பயிற்சியில் துல்லியமாகத் தொடுபவர் ஆட்டத்தில் தடுமாறலாம். கபடி போன்ற ஆட்டங்களில் எதிராளியைக் கணித்து முடிவெடுப்பதும் திறனின் பகுதி என்பதால், தனிப் பயிற்சியோடு சிறு ஆட்டங்களையும் முதல் பாடவேளையிலிருந்தே சேர்ப்பது நல்லது. ஒரே பாடவேளையில் எல்லா நிலைகளையும் அடைய முயல்வதும் பயன் தராது. மூன்று புலங்களிலும் ஒவ்வொரு நோக்கம் என்ற அளவில் தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது.