மிலான் செல்லும் வழியில்

சென்ற மார்கழி விடுமுறையைச் சுவிற்சர்லாந்திலுள்ள சூரிச் நகரில் என் தமக்கையார் குடும்பத்துடன் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. நத்தார் கழிந்த மறுநாள், இத்தாலியின் மிலான் நகரைப் பார்த்து வருவோமென்றார் அத்தான். ஏறத்தாழ 280 கிலோமீற்றர்த் தூரம். இடியப்பப் பொதிகளையும் சுடுநீர்ப் போத்தலில் தேநீரையும் எடுத்துக்கொண்டு, விடியுமுன்னரே காரிற் புறப்பட்டோம்.

ஏரிகளைக் கடந்ததும் மலைகள் இருபுறமும் நெருங்கி வந்தன. கோத்தார்ட் கணவாய் 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. மாரிகாலத்தில் உறைபனி மூடிவிடுவதால் அவ்வழி அடைக்கப்பட்டுவிடும். எனவே 1980ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட, 16.9 கிலோமீற்றர் நீளமான வீதிச் சுரங்கத்தினுள் நுழைந்தோம். கால் மணி நேரத்துள் மலையின் மறுபுறத்தை அடைந்தோம். என்ன விந்தை! உள்ளே புகும்போது பெயர்ப்பலகைகளில் இருந்தது ஜெர்மன் மொழி. வெளியே வந்தபோது இத்தாலிய மொழி.

ஐரோலோ என்னும் அச்சிற்றூரில் அத்தான் காரைத் திருப்பினார். "இன்றைக்குமா, அப்பா?" எனச் சலித்துக்கொண்டான் பதினேழு வயது மருகன். மிலானின் உதைபந்தாட்ட அரங்கைக் காணும் அவசரம் அவனுக்கு.

புகையிரத நிலையத்தின் அருகே ஒரு வெண்கலச் சிற்பம் இருந்தது. இறந்துபோன தோழனொருவனைத் தொழிலாளர் சுமந்து செல்லும் காட்சி. சிற்பி வின்சென்சோ வேலா வடித்த அதன் பெயர் 'உழைப்பிற் பலியானோர்'. அதே மலையினூடே 1872 முதல் 1882 வரை 15 கிலோமீற்றர் நீளமான புகையிரதச் சுரங்கம் அமைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலிய ஏழைகள். பாறை சரிந்தும் வெடிமருந்து வெடித்தும் மாண்டவர் பலர். வெப்பமும் ஈரமும் நிறைந்த அவ்விருளிற் கொக்கிப்புழு நோயும் பரவி அவர்தம் இரத்தத்தை உறிஞ்சியது. நமது மலையகத் தோட்டத் தொழிலாளரை வாட்டிய அதே நோய்தான்! 1875இல் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒப்பந்தகாரரான பொறியியலாளர் லூயி பாவரும் 1879இல் அச்சுரங்கத்தினுள்ளேயே உயிர்நீத்தார்.

அத்தான் பேசாமல் நின்றார். 1985இல் அகதியாக வந்தவர் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவுவிடுதியொன்றிற் பாத்திரங் கழுவிக் குடும்பத்தைக் காத்தவர். தகப்பனாரின் தொழில் என்னவென்று பள்ளித்தோழர் வினவினால் மருகன் பேச்சை மாற்றிவிடுவானெனத் தமக்கையார் முதல்நாள் இரவு கண்கலங்கக் கூறியிருந்தார்.

நண்பகலில் மிலானை அடைந்தோம். நகரை மூடுபனி போர்த்தியிருந்தது. பேராலயத்தின் கூரைமீது ஏறி, பளிங்குக் கோபுரங்களினிடையே நடந்தோம். 1386இல் தொடங்கிய அவ்வாலயத் திருப்பணியில் இறுதி வாயிற்கதவு பொருத்தப்பட்டது 1965இலேதான்! கந்தோலியா மலையில் வெட்டிய பளிங்கை ஏரி, ஆறு, கால்வாய் வழியாகப் படகுகளிற் கொண்டுவந்தனராம்.

"படகிலிருந்து கல்லை இறக்கியவர்கள் யார், மாமா? அவர்களுக்கும் சிலை உண்டா?" என்று கேட்டான் மருகன்.

எனக்கு மறுமொழி வரவில்லை. இருபது ஆண்டுகளாகச் சரித்திரம் கற்பிக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யாரென வினவி, 'இராசராசன்' என்னும் விடைக்குப் புள்ளிகள் இட்டிருக்கிறேன். கல் சுமந்தவனைப் பற்றி ஒருநாளேனும் கேட்டேனல்லேன்.

உதைபந்தாட்ட அரங்கையும் வெளியே நின்று பார்த்தோம். திரும்பும் வழியில் ஐரோலோவில் நாம் நிற்கவில்லை. இருட்டிவிட்டது, உறைபனியும் கொட்டத் தொடங்கியிருந்தது. சுரங்கத்தினுள்ளே, முன்னாசனத்திலிருந்த மருகன், "அப்பா, நீங்கள் வந்த முதல் மாரிகாலத்தில் எங்கே வேலை செய்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டான்.

அத்தான் சொல்லத் தொடங்கினார். சுரங்கம் முடிந்தும் அவர் கதை முடியவில்லை. பின்னாசனத்திலே தமக்கையார் என் கையைப் பற்றிக்கொண்டிருந்தார்.