வன்னிக் குளங்களும் தரவுத்தள வினவலும்

வன்னிநிலத்தின் இயல்பை அறிய விரும்புவோன் முதற்கண் அதன் குளங்களை அறிதல் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் எத்தனை ஊர்ப்பெயர்கள் குளம் என்றும் மடு என்றும் முடிகின்றன என்பதை இம்மலரின் வாசகர் நன்கறிவர். கண்டிவீதியிற் பேருந்தில் வருவோன் யன்னலோரம் இருந்தபடியே புளியங்குளம், கனகராயன்குளம், இரணைமடு என்று இப்பட்டியலை நீட்டிக்கொண்டு வரலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், புவியியற் செயற்றிட்டமாகச் சுற்றுவட்டாரத்துக் குளங்களைப் பதிவு செய்யத் தலைப்பட்டனர். துவிச்சக்கரவண்டியிற் சென்று, ஒவ்வொரு குளத்தின் நிலையத்தையும் கைத்தொலைபேசியிற் காணும் அகலாங்கு நெட்டாங்குகளாகக் குறித்து வந்தனர். பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது கனடாவிற் கணினித் தொழில் புரிபவர், அப்பதிவுகளை வைத்தற்கு ஒரு தரவுத்தளத்தையும், அதனை இணையத்தினூடாக வினவுதற்கு ஒரு செயலியையும் ஆக்கி உதவினார். எல்லாம் ஆயத்தமான அன்று, "பாடசாலையிலிருந்து 500 மீற்றருக்குள் உள்ள குளங்கள் எவை?" என்பதே நாம் விடுத்த முதல் வினா. "எதுவுமில்லை" என்பது வந்த விடை. மாணவர் சிரித்துவிட்டனர். வகுப்பறை யன்னலைத் திறந்தாற் குளக்கட்டுத் தெரியும். மாரியில் வான் பாயும் ஓசையும் கேட்கும்.

அவ்விடை ஏன் பிழைத்தது என்று ஆராயப் புகுந்தமையே இக்கட்டுரைக்குக் காரணம். கணினி பிழைவிடவில்லை என்பதையும் முதலிலேயே கூறிவிடுகின்றேன்.

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. பாடசாலை வரவுப்பதிவேட்டை நினைத்துக்கொள்க. ஒவ்வொரு வரியும் ஒரு மாணவனுக்குரியது. ஒவ்வொரு நிரலும் பெயர், பிறந்த தேதி, முகவரி என ஒரு செய்திக்குரியது. குளங்களின் அட்டவணையில் இவற்றோடு சிறப்பான நிரல் ஒன்று உண்டு. அதனுள் எழுத்தோ எண்ணோ அன்றி வடிவம் ஒன்று வைக்கப்படும். அது புள்ளியாக இருக்கலாம். வீதிபோற் கோடாக இருக்கலாம். வயலைப்போற் பல்கோணியாகவும் இருக்கலாம். போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கு இவ்வாற்றலைத் தருவது போஸ்ற்ஜிஸ் என்னும் இணைப்பு. 2001இல் கனடாவின் விக்ரோறியா நகரத்து நிறுவனம் ஒன்றால் வெளியிடப்பட்ட இது, இன்று உலகெங்கும் விலையின்றிப் பயன்படுகின்றது. பயனாளர் திரையில் ஓரிடத்தைத் தொட்டதும் செயலி அவ்விடத்தின் ஆள்கூறுகளைச் சேவையகத்துக்கு அனுப்பும். சேவையகம் அவற்றைக் கொண்டு வினவலை அமைத்துத் தரவுத்தளத்திடம் கேட்கும். வந்த விடை படத்தின்மீது வரையப்படும். இத்தகைய செயலிகள் எமது நாட்டுக்குப் புதியனவல்ல. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவு உள்ளிட்ட கரைகளை அழித்தபோது, இலங்கைக் கணினி வல்லுநர் தன்னார்வமாகக் கூடிச் 'சகன' என்னும் நிவாரணத் தகவல் முறைமையை உருவாக்கினர். தரவுத்தளத்தின்மேல் நிற்கும் இணையச் செயலியே அதுவும். பின்னர் அது பிற நாடுகளின் இடர்க்காலங்களிலும் பயன்பட்டது.

இனி ஆள்கூறுகளின் கதைக்கு வருவோம். நாம் பேச்சில் அகலாங்கை முன்னும் நெட்டாங்கைப் பின்னும் சொல்லிப் பழகியவர்கள். போஸ்ற்ஜிஸோ கிடை அச்சை முதலிற் கேட்கும். ஆதலின் நெட்டாங்கே முன்னே எழுதப்படல் வேண்டும். எமது மாணவர் ஒருவர் இதனை மாற்றி எழுதிவிட்டார். கிளிநொச்சி வட அகலாங்கு 9.4 பாகையிலும் கீழ் நெட்டாங்கு 80.4 பாகையிலும் உளது. இடம் மாறினால் அது 80.4 பாகை வட அகலாங்கில், நோர்வேக்குரிய ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கும் அப்பால் வடமுனைக் கடலிற் போய் விழும். நம்மவர் பலர் நோர்வே சென்று குடியேறியது உண்மையே; குளமும் கூடப் போனது அன்றுதான்.

இதனினும் வஞ்சகமான பிழை ஒன்று உண்டு. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கப்பெற்றது. நாட்டின் நடுவே பிதுருதலாகல மலையை ஆதாரமாகக் கொண்டு, மீற்றரில் அளக்கும் நெய்யரி ஒன்றில் அதன் படங்கள் வரையப்படுகின்றன. பழைய நெய்யரியில் அத்தொடக்கப் புள்ளிக்கு இட்ட எண்கள் கிழக்கு 200,000, வடக்கு 200,000 ஆகும். 1999இன் புதிய நெய்யரியிலோ அவை இரண்டும் 500,000. பழைய படத்திலிருந்து எடுத்த கிளிநொச்சியின் எண்களைப் புதிய நெய்யரிக்குரியன என்று பதிந்துவிட்டால், கிளிநொச்சி கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தெற்கே கடலுள் நிற்கும். இவ்வளவு பெரிய பிழை கண்ணுக்குத் தெரிவதால் ஒருவாறு நல்லதே. தெரியாத சிறு பிழைகளே அச்சந்தருவன. ஆதலால் ஒவ்வொரு வடிவத்தோடும் அது எந்த ஆள்கூற்று முறைமைக்குரியது என்பதைக் காட்டும் எண் ஒன்றும் எழுதப்படும். கைத்தொலைபேசி தரும் பாகைகளுக்கு 4326, இலங்கையின் பழைய நெய்யரிக்கு 5234, புதியதற்கு 5235 என்பன அவ்வெண்கள். பதிவேட்டிற் பெயருக்குப் பின் தந்தை பெயரை எழுதுவதுபோல, இவ்வெண்ணை எழுதாத ஆள்கூறு அரைகுறை ஆள்கூறே.

அலகும் அவ்வாறே. பாகையில் எழுதப்பட்ட தரவிடம் "2க்குள் உள்ளவை எவை" என்று கேட்டால், அது 2 கிலோமீற்றரென எண்ணாது. 2 பாகையெனவே கொள்ளும். கிளிநொச்சியிலிருந்து 2 பாகை என்பது 220 கிலோமீற்றர் அளவு. அனுராதபுரமும், பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள நாகபட்டினமும் இராமநாதபுரமும் அவ்வட்டத்துள் அடங்கிவிடும். மீற்றரில் விடை வேண்டின், தரவை நெய்யரிக்கு மாற்றி வைத்தல் வேண்டும். அன்றேல் பூமியின் வளைவைக் கணக்கிற்கொள்ளும் தரவு வகையைத் தெரிதல் வேண்டும். போஸ்ற்ஜிஸில் இரண்டுக்கும் இடமுண்டு.

எமது முதல் வினா பிழைத்தது இவை எவற்றாலும் அன்று. எண்களின் வரிசை சரி, முறைமை சரி, அலகும் சரி. ஆயின் குளம் ஒரு புள்ளியாகப் பதியப்பட்டிருந்தது. அதனைப் பதிந்த மாணவர் பொறுப்புள்ளவர். குளத்துக்குரிய புள்ளி குளத்தின் நடுவில் இருத்தலே முறை என்று கருதி, செய்மதிப் படத்தைப் பார்த்து நீர்ப்பரப்பின் மையத்தைக் குறித்திருந்தார். அம்மையம் பாடசாலையிலிருந்து 1 கிலோமீற்றருக்கும் அதிகமான தொலைவில் உளது. குளக்கட்டோ 300 மீற்றரில் உளது. தரவுத்தளம் தனக்குத் தெரிந்த குளத்துக்கு உள்ள தூரத்தைச் சரியாகவே அளந்தது. அதற்குத் தெரிந்த குளத்துக்குக் கட்டும் இல்லை, அலைகரையும் இல்லை.

குளத்தைப் பல்கோணியாக வரைந்தோம். வரையத் தொடங்கியதும் வகுப்பில் வாதம் பிறந்தது. எந்தக் கரையை வரைவது? ஆவணியில் நீர் வற்றி, மாடுகள் மேயும் திடலாகிக் கிடக்கும் இடம் மார்கழியில் ஆழமான நீர். முழுக் கொள்ளளவில் நீர் நிற்கும் கரையையே கொள்வது என்று ஈற்றில் முடிவாயிற்று. எந்த மட்டத்துக்குரிய கரை என்பதைக் குறிக்கத் தனி நிரலும் சேர்த்தோம். கட்டைத் தனிக் கோடாகவும், துருசையும் வானையும் தனிப் புள்ளிகளாகவும் பதிந்தோம். பின்னர் அதே வினாவைக் கேட்டபோது குளம் விடையில் வந்தது. அன்று மாணவர் கைதட்டியதை நான் தடுக்கவில்லை.

நூறு குளங்களுக்கு ஒவ்வொன்றாகத் தூரம் அளப்பது கணினிக்கு ஒரு பொருட்டன்று. நாடு முழுவதற்குமுரிய வீடுகள், வீதிகள், வயல்கள் எனப் பல இலட்சம் வடிவங்கள் இருப்பின் நிலை வேறு. பெயர்களை அகரவரிசைப்படுத்தினாற் தேடுதல் எளிது. இடங்களை அவ்வாறு ஒரே வரிசையில் நிறுத்துதல் இயலாது. வடக்குத் தெற்காக அடுக்கினாற் கிழக்கும் மேற்கும் கலைந்துவிடும். இதற்குத் தக்க வழியை 1984இல் அன்ரனின் குட்மன் என்பார் வெளியிட்டார். அதன் பெயர் ஆர்-மரம். (கிளிநொச்சி தனி மாவட்டமானதும் அவ்வாண்டே, இரண்டுக்கும் யாதொரு தொடர்புமில்லை.) ஒவ்வொரு வடிவத்தையும் சுற்றி நேரான செவ்வகம் ஒன்று இடப்படும். அண்மையிலுள்ள செவ்வகங்கள் சேர்ந்து பெரிய செவ்வகமாகும். அவையும் சேர்ந்து மேலும் பெரியதாகும். துணுக்காயைச் சுற்றி ஒருவர் தேடும்போது, வவுனியாவின் தென்புறத்தை அடக்கிய செவ்வகம் முழுவதும் ஒரே பார்வையில் நீக்கப்படும். அதனுள் இருப்பனவற்றைத் தொடவேண்டியதே இல்லை. எஞ்சிய சிலவற்றுக்கு மட்டும் உண்மை வடிவத்தைக் கொண்டு நுட்பமான கணக்குச் செய்யப்படும். சாய்வாக ஓடும் ஆறு ஒன்றன் செவ்வகம் மிக அகன்றது, ஆறோ மெலிந்தது. ஆதலின் இவ்விரண்டாம் படி இன்றியமையாதது.

செயலி எழுதும் இளைஞர்க்கு ஒரு சொல். "தூரத்தைக் கணித்து, அது 500க்குக் குறைந்தவற்றைத் தருக" என்று வினவலை எழுதினால் அச்சுட்டி பயன்படாது. எல்லாப் பதிவுகளுக்கும் தூரம் கணிக்கப்படும். "500க்குள் உளதா" என்று கேட்பதற்கெனத் தனிச் சார்பு உண்டு. அதுவே சுட்டியைப் பயன்படுத்தும். இரண்டும் ஒரே விடையைத் தரும். ஒன்று கணத்தில் முடியும். மற்றையதற்குத் தேநீர் குடித்து வரலாம். அவ்வாறே, திரையில் தெரியும் பரப்புக்குள் உள்ளனவற்றை மட்டும் கேட்டுப் பெறுதல் வேண்டும். தொலைபேசி அலை மெலிந்த எமது ஊர்களில் இது சிக்கனம் மட்டுமன்று, தேவையுமாம்.

பெயரைக் கொண்டு தேடுவோர் இடறும் கல்லையும் காட்டுதல் நன்று. வவுனிக்குளம் வவுனியா மாவட்டத்தில் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்திற் பாலியாற்றுக்குக் குறுக்கே கட்டப்பட்டது. மாவட்டப் பெயர்களும் நிலையானவை அல்ல. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. இரணைமடுக் குளம் அதற்குமுன் யாழ்ப்பாண மாவட்டத்துக்குரியது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கைந்நூலைப் பயில்வோர் இன்றைய எல்லைகளை மனத்திற்கொண்டு பயின்றால் இடருறுவர். ஆகவே குளத்தின் பதிவில் மாவட்டப் பெயரை எழுதி வைப்பதிலும், எல்லைப் பல்கோணிகளை ஆண்டோடு தனியே வைத்து, "இக்குளம் எதனுள் அடங்கும்" என்று தரவுத்தளத்தையே கேட்பது சிறந்தது. எல்லை மாறினாலும் குளத்தின் பதிவு மாறவேண்டியதில்லை.

அடங்குதல் என்ற சொல்லும் எண்ணிப் பயன்படுத்தவேண்டியதே. 2009இல் போர் முடிந்தபின் வன்னியில் மிதிவெடிப் பரப்புகள் பல்கோணிகளாகப் பதியப்பட்டு, அகற்றப்படுந்தோறும் தரவுத்தளத்தில் திருத்தப்பட்டு வந்தன. ஒருவனது காணி அப்பரப்பினுள் "அடங்குகின்றதா" என்று கேட்டால், காணியின் ஒரு மூலை மட்டும் உள்ளே கிடப்பின் விடை "இல்லை" என்பதே. "தொடுகின்றதா, வெட்டுகின்றதா" என்று கேட்டாலன்றி உண்மை வராது. கைத்தொலைபேசி காட்டும் இடமும் சில மீற்றர் பிசகக்கூடியது. ஆதலின் எல்லைக்கு வெளியே தக்க இடைவெளியும் கூட்டிக் கேட்டல் வேண்டும். இங்கே ஒரு சொல்லின் வேறுபாடு ஒருவனது காலின் வேறுபாடு.

"அருகில்" என்ற சொல்லே என்னைப் பெரிதும் சிந்திக்கவைத்தது. 2018 திசெம்பரிற் பெய்த கடுமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பெருகிக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. அதனை நினைவிற்கொண்ட மாணவி ஒருவர், எமது குளம் உடைத்தால் எவ்வீடுகளுக்கு ஆபத்து என்று கண்டறிய, குளத்துக்கு 1 கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளை வினவினார். பட்டியல் வந்தது. அலைகரைக்கு மேலே மேட்டில் நிற்கும் வீடுகள் அதிலே முதலிடம் பெற்றிருந்தன. கட்டுக்குக் கீழே, வாய்க்காலோடு 2 கிலோமீற்றர் தள்ளிப் பள்ளத்திற் கிடக்கும் குடியிருப்பு அதிலே இல்லை. அக்குடியிருப்பிலேதான் அம்மாணவியின் வீடு. நீர் வட்டமாகப் பரவுவதில்லை, பள்ளம் நோக்கியே பாய்கின்றது என்பது எந்தக் கமக்காரனும் அறிந்தது. நிலத்தின் உயரத்தையும் வாய்க்கால்களின் தொடர்பையும் தரவுத்தளத்துட் கொண்டுவந்து, "இவ்வானிலிருந்து நீர் எங்கெங்கே செல்லும்" என்று கேட்பதே தகுந்த வினவல். அது இன்னும் எமது பாடசாலையில் முற்றுப்பெறவில்லை. உயரத்தரவு போதாமையால், மாணவர் முதியோரிடம் சென்று எந்த ஆண்டு வெள்ளம் எவ்வீட்டின் எப்படிவரை வந்தது எனக் கேட்டுக் குறித்து வருகின்றனர்.

அவ்வாறு சென்றபோது, எமது அட்டவணையில் இல்லாத சிறு குளம் ஒன்று காட்டோரமாக அகப்பட்டது. கட்டில் நாவல் மரங்கள் வளர்ந்துள்ளன, துருசு தூர்ந்துவிட்டது. அதுவரை நாம் விடுத்த எந்த வினாவுக்கும் அது விடையாக வந்ததில்லை; வராமையை நாமும் உணர்ந்ததில்லை. அதன் பெயரைக் கேட்டபோது ஒரு மூதாட்டியார் ஒரு பெயரும், அவர் தம்பியார் வேறொரு பெயரும் கூறினர். பெயர்களுக்கென வேறோர் அட்டவணை அமைத்து இரண்டையும் பதிந்துள்ளோம். பல்கோணி வரைவதற்கு மாரி முடியவேண்டும்.