மௌக்லி ஏன் காட்டை விட்டுப் போனான்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பெரியவர்களுக்குக் கைகொடுப்பவை கார்ட்டூன் படங்கள். அடிதடி இல்லை, ஆபாசம் இல்லை. பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் நம் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பது நம் கணக்கு. ஆனால் இந்தப் படங்கள், அதிலும் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பழைய படங்கள், நாம் நினைப்பதுபோல் அத்தனை சாதுவானவை அல்ல. சில படங்கள் பிள்ளைகளைக் கலங்க வைக்கின்றன. சில ஏமாற்றமளிக்கின்றன. சில படங்களோ, பார்த்துக்கொண்டிருக்கும் நம்மையே சங்கடத்தில் ஆழ்த்துகின்றன.

இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை நான் சில காலமாகக் கவனித்து வருகிறேன். மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாம்பியின் அம்மா எங்கே போனாள்? டம்போவின் அம்மாவை ஏன் கட்டிப் போட்டார்கள்? மௌக்லி ஏன் காட்டை விட்டுப் போனான்? பிறந்த மண்ணை விட்டு வேறிடத்தில் வேரூன்றிய நம்மைப் போன்றவர்களுக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. எனினும் முதல் இரண்டையும் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

துப்பாக்கிச் சத்தமும் வசந்தப் பாட்டும்

'பாம்பி' 1942-ல் வெளிவந்தது. வியன்னாவில் வாழ்ந்த ஃபெலிக்ஸ் சால்டன் என்ற எழுத்தாளர் 1923-ல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. ஒரு மான்குட்டி பிறந்து, வளர்ந்து, பெரிய கலைமானாக நிற்பதுதான் கதை. நடுவில் பனிக்காலத்தில் வேடர்கள் தாய் மானைச் சுட்டுவிடுகிறார்கள். சுடுவதைப் படம் காட்டுவதில்லை, வேடனையும் காட்டுவதில்லை. ஒரே ஒரு சத்தம் கேட்கிறது. குட்டி தாயைத் தேடிப் பனியில் அலைகிறது. தந்தை மான் வந்து, இனி உன் தாய் வரமாட்டாள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லி அழைத்துப் போகிறது. அடுத்த காட்சியில் வசந்தம் வந்துவிடுகிறது, பறவைகள் பாடுகின்றன.

பிள்ளைகளை உறுத்துவது அந்தச் சாவு மட்டுமல்ல என்பது என் எண்ணம். சாவை நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் கேட்டுத்தான் வளர்ந்தோம். செத்தவளுக்காக அழ ஒரு நிமிடம்கூடக் கொடுக்காமல் படம் பாட்டுக்குப் போய்விடுகிறதே, அதுதான் உறுத்துகிறது. நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் பதினாறு நாள் அதற்கென்றே இருக்கிறது. படம் தராத அந்த அவகாசத்தைப் பெற்றோர்தான் தர வேண்டும்.

இதோடு தொடர்புள்ள செய்தி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 'பாம்பி' படத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னி ஓவியர், 1956-ல் பம்பாயில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அங்கே 1957-ல் உருவான படம் 'தி பான்யன் டீர்'. இதுவும் மான் கதைதான், ஆனால் புத்த ஜாதகக் கதை. அரசனின் சமையலுக்கு நாள்தோறும் ஒரு மான் போக வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு நாள் கருவுற்ற பெண் மானின் முறை வருகிறது. மான்களின் தலைவன் அவளுக்குப் பதிலாகத் தன் கழுத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறது. அரசன் மனம் மாறி எல்லா மான்களுக்கும் அபயம் அளிக்கிறான். ஒரே ஓவியரின் கை பட்ட இரண்டு மான் கதைகள்: ஒன்றில் தாய் இறக்கிறாள், மற்றதில் தாய்க்காக ஒருவன் முன்வருகிறான். 'பாம்பி' பார்த்த இரவு பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

மதம் பிடித்தது யாருக்கு?

'டம்போ' 1941-ல் வந்த சர்க்கஸ் யானைக் கதை. பெரிய காதுகளோடு பிறந்த குட்டியைச் சில பையன்கள் சீண்டுகிறார்கள். தாய் யானை அவர்களில் ஒருவனைப் பிடித்து அடிக்கிறது. உடனே அதற்கு வெறி பிடித்துவிட்டது என்று பலகை மாட்டி, சங்கிலியால் கட்டி, கூண்டு வண்டியில் அடைத்துவிடுகிறார்கள். ஆசிய யானைகளில் மதம் பிடிப்பது ஆண் யானைக்குத்தான். தாய் யானை செய்தது குட்டியைக் காப்பாற்றும் வேலை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று அறிந்த எவருக்கும் இது புரியும். ஆனால் படம் முடியும்போதும் அந்தத் தாய்க்கு நியாயம் கிடைப்பதில்லை. மகன் காதுகளை விரித்துப் பறந்து பெயர் வாங்கிய பிறகுதான் அவளுக்கு மரியாதை வருகிறது. அவள் செய்தது சரி என்று கடைசிவரை ஒருவரும் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கான சங்கடம் இன்னொரு காட்சியில் இருக்கிறது. கொட்டும் மழையில், இரவில், சர்க்கஸ் கூடாரம் போடும் கறுப்பினத் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முகமே வரையப்படவில்லை. தாங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்றும், கூலி வாங்கியதும் வீணடித்துவிடுவோம் என்றும் அவர்களே மகிழ்ச்சியாகப் பாடுவதுபோல் பாட்டு. நம்மில் பலருடைய பாட்டனார் கன்டோன்மென்ட் கட்டட வேலைக்கும், கோலார் தங்கவயலின் சுரங்கத்துக்கும் கூலிகளாக வந்தவர்கள். சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தவர்கள் அவர்களுக்குள் உண்டு. அந்தக் கூலியில்தான் நம் பெற்றோர் படித்தார்கள். அப்படிப்பட்டவர்களைப் படத்தில் முகமில்லாமல் வரைந்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? 2020 முதல் டிஸ்னி நிறுவனமே தன் இணையச் சேவையில் 'டம்போ', 'பீட்டர் பேன்', 'அரிஸ்டோகேட்ஸ்' போன்ற படங்களுக்கு முன்னால், இவற்றில் சில மக்கள் தவறாகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறார்கள், அது அன்றும் தவறு இன்றும் தவறு என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு காட்டத் தொடங்கியது. படத்தை ஒளித்து வைக்காமல், காட்டி விளக்குவது நல்ல வழி.

புலி ஓடிய பிறகும் ஏன்?

இனி மௌக்லி. பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1894-லும் 1895-லும் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' நூல்களின் கதைகளைக் கொண்டு 1967-ல் டிஸ்னி நிறுவனம் கார்ட்டூன் படம் எடுத்தது. வால்ட் டிஸ்னி நேரடியாகக் கவனித்த கடைசிப் படங்களில் ஒன்று. வெளிவருமுன் 1966 டிசம்பரில் அவர் காலமானார். நடப்பது நம் நாட்டுக் காட்டில். ஆனால் குரங்குகளின் அரசனாக வருவது சுமத்ராவிலும் போர்னியோவிலும் மட்டுமே காடுகளில் வாழும் ஒராங் உட்டான். கிப்ளிங்கின் நூலில் குரங்குகளுக்கு அரசனே கிடையாது. யானைக் கூட்டத்துக்கு ஆண் யானை ஒன்று கர்னல். கோடையில் கபினி அணையின் நீர்ப்பரப்புக்குப் போய் யானைகளைப் பார்த்த நம் பிள்ளைகளுக்குத் தெரியும், கூட்டத்தை நடத்துவது வயதில் மூத்த பெண் யானை. நூலில் மௌக்லிக்கு உற்ற துணையான மலைப்பாம்பு கா, படத்தில் அவனை விழுங்க வருகிறது.

இவையெல்லாம் சிறு குறைகள். பெரிய குறை முடிவில் இருக்கிறது. மௌக்லி ஓநாய்களிடம் வளர்கிறான். மனிதனை வெறுக்கும் புலி ஷேர் கான் வருகிறது என்பதால்தான் அவனை மனிதர்களின் கிராமத்தில் சேர்க்க முடிவாகிறது. அவனோ போக மறுக்கிறான். கடைசியில் தீயைக் கண்டு புலி ஓடிவிடுகிறது. போக வேண்டிய காரணமே தீர்ந்துவிட்டது. ஆனாலும் குடத்தில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு சிறுமியின் பின்னால் அவன் கிராமத்துக்குள் போய்விடுகிறான். இதுதான் அவனுடைய இடம் என்று படம் முடிகிறது. அந்தச் சிறுமியின் பாட்டும் கவனிக்கத்தக்கது: இன்று நான் தண்ணீர் எடுக்கிறேன், நாளை திருமணமாகி என் மகள் எடுப்பாள் என்பது அதன் சாரம். படத்தில் பெண் குழந்தை என்று வருவது அவள் ஒருத்திதான். அவளுக்கு அதற்கு மேல் ஆசை எதுவும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுடைய தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர். அவளோ வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறவள். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "புலிதான் ஓடிப்போச்சே மாமா, அப்புறம் அவன் ஏன் போகணும்? அங்கேதானே வளர்ந்தான்?" கொஞ்சம் யோசித்து, "அப்போ நாமளும் ஒரு நாள் போகணுமா?" என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த அவள் பாட்டி ஒன்றும் பேசவில்லை. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் கலவரம் மூண்டபோது, வீட்டைப் பூட்டிக்கொண்டு சில நாட்கள் ஊரை விட்டுப் போயிருந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. திரும்பி வந்தார்கள், இங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். உன் இனத்தாரிடம் போ என்று முடிகிற கதை அவர்கள் காதில் வேறு மாதிரிதான் விழும்.

ஆனால் கிப்ளிங்கின் கதை இப்படி எளிதாக முடிவதில்லை. நூலில் ஓநாய்க் கூட்டமும் மௌக்லியைத் தள்ளுகிறது, கிராமமும் கல்லெறிந்து விரட்டுகிறது. இரண்டு இடத்தின் வலியும் அவனுக்கு உண்டு. மௌக்லியைப் பற்றி அவர் முதலில் எழுதிய, 1893-ல் வெளியான வேறொரு கதையில், வளர்ந்த மௌக்லி வனத்துறையில் வேலைக்குச் சேர்கிறான், மணம் செய்துகொள்கிறான், அவன் குழந்தையோடு ஓநாய்ச் சகோதரர்கள் விளையாடுகின்றன. ஒன்றைப் பெற மற்றதை விட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. டிஸ்னி நிறுவனமும் 2016-ல் இதே கதையைப் புதிதாக எடுத்தபோது முடிவை மாற்றிவிட்டது. அதில் மௌக்லி தான் வளர்ந்த காட்டிலேயே இருந்துவிடுகிறான்.

உண்மையான மௌக்லி ஒருவரும் நம் கர்நாடகத்தைச் சேர்ந்தவர். மைசூர் அரண்மனை யானைப்பாகனின் மகனாக 1924-ல் கபினிக் கரையிலுள்ள காராப்பூரில் பிறந்த சாபு, 1937-ல் வெளியான 'எலிஃபன்ட் பாய்' மூலம் புகழ்பெற்று, 1942-ல் வந்த நடிகர்கள் நடித்த 'ஜங்கிள் புக்' படத்தில் மௌக்லியானார். அமெரிக்காவில் குடியேறி, 1944-ல் அந்நாட்டுக் குடிமகனாகி, அந்நாட்டு விமானப்படையிலும் பணியாற்றி, 1963-ல் அங்கேயே மறைந்தார். அவர் ஊர் எது? காராப்பூரும்தான், கலிபோர்னியாவும்தான்.

நாம் செய்யக்கூடியது

இந்தப் படங்களைத் தடை செய்யச் சொல்லவில்லை. அவற்றின் ஓவியமும் இசையும் அருமையானவை. நான் கேட்டுக்கொள்வது, முதல் முறையாவது பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான். பயமான இடத்தை ஓட்டிவிடாதீர்கள். நிறுத்தி, தமிழில் பேசுங்கள். மனத்தில் பட்ட வருத்தத்தைச் சொல்லத் தாய்மொழியைப் போல் வேறு மொழி உதவாது.

அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "போக வேண்டியதில்லை அம்மா. தாத்தா பிறந்ததும் உன் ஊர், நீ வளர்வதும் உன் ஊர்." அவளைப் போன்ற பிள்ளைகள் மௌக்லி கதைக்குத் தங்கள் விருப்பப்படி ஒரு முடிவைத் தமிழில் எழுதட்டும். நன்றாக வந்தவற்றை அடுத்த பொங்கல் விழாவில் நாடகமாகவே போடலாம். தண்ணீர்க் குடத்தோடு வரும் சிறுமிக்கும் அதில் நல்ல வேடம் கொடுக்க மறக்க வேண்டாம்.