நெல்மணிக்குள் வளரும் அந்து

பத்தாயத்தின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் வைக்கோல் நிறத்துச் சிறு பூச்சிகள் படபடத்து மேலெழுவதை நெல் சேமித்து வைக்கும் குடும்பத்தார் நன்கறிவர். எனினும் தானியங்களை நாடிவரும் அந்துக்கள் பல இனத்தனவாதலால், கண்ணெதிரே பறப்பது நெல் அந்துப்பூச்சிதான் என்று நிச்சயிப்பதற்குச் சற்றே நிதானமான பார்வை அவசியமாகிறது.

வர்ணத்தை மட்டும் நம்புவது உசிதமன்று. அந்தின் நிறமெல்லாம் சிறகின்மேல் படிந்த நுண்ணிய செதில்களின் நிறமேயாதலால், நெல்லில் உராய்ந்து உராய்ந்து அவை உதிர்ந்துபோன பூச்சியிடம் அடையாளம் எதுவும் மிஞ்சுவதில்லை. உருவ லட்சணமோ அவ்வாறு அழிவதில்லை. சிறகுகளை விரித்தால் 10 முதல் 16 மில்லிமீட்டர் வரையே வரும் இச்சிறு ஜந்துவைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, சாம்பல் நிறமான பின்சிறகை மெல்ல விலக்கிப் பார்த்தால், அதன் நுனி திடீரென ஒடுங்கி, நீட்டிய சுட்டுவிரலைப் போலக் கூர்ந்திருப்பதையும், ஓரமெங்கும் நீண்ட மயிர் விளிம்பு கட்டியிருப்பதையும் காணலாம். இதுவே பிரதான அடையாளம். அரிசி அந்து இதனினும் பெரியது. அதன் புழு நூல் நூற்று மணிகளைக் கட்டிகட்டியாகப் பிணைத்துவிடும். மாவு, உலர்ந்த பழம் முதலியவற்றில் காணும் இந்திய மாவு அந்தின் முன்சிறகிலோ வெளிப்பாதி தாமிர நிறமாயிருக்கும்.

நெல் அந்தின் புழு நூலாம்படை கட்டுவதில்லை. ஒரே மணிக்குள் புகுந்து, அதனையே உண்டு, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. ஆனால் அந்தாக மாறியபின் தான் உமியைக் கடிக்க இயலாது என்பதை முன்னரே உணர்ந்ததுபோல, புழுப் பருவத்திலேயே உள்ளிருந்து வட்டமாகக் குடைந்து, மெல்லிய தோலளவு மட்டும் மீதம் விட்டு, வெளியேறும் வாயிலைச் சித்தம் செய்துவிடுகிறது. இந்த முன்னேற்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிரான்சின் அங்கூமுவா மாகாணத்தில் தானியத்தைப் பெருமளவில் பாழாக்கிய இப்பூச்சியை துயாமெல், தியே என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1762-இல் நூலாக வெளியிட்டனர்; ஆங்கிலத்தில் அம்மாகாணத்தின் பெயராலேயே இன்றும் இது வழங்குகிறது.

வயலில் கதிர் முற்றும்போதே முட்டையிட்டு இது களத்தின் வழியே வீடு வந்து சேர்வதும் உண்டு. பத்தாயத்துள் தோன்றும் அந்துகளோ நெற்குவியலைத் துளைத்து ஆழச் செல்ல வலிமையற்றவை; ஆகையால் அவற்றின் சந்ததி மேல்மட்டத்து நெல்லையே பெரிதும் தாக்கும். சோதிக்க விரும்புவோர் மேலாக ஒரு பிடி அள்ளி, மணிகளில் வட்டத் துளை தென்படுகிறதா என்று பார்ப்பதே முதற்காரியம்.