லயன்களுக்கு ஒரு எச்சரிக்கை ஒலிபெருக்கி: தூரத்திலிருந்தும் கையாலும் இயக்குவது எப்படி?

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் ஏ5 வீதியில், பிபிலைக்கு முன்னர் வருவது லுணுகலை. வீதியின் மறுமுனை மட்டக்களப்பு மாவட்டம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குச் சென்ற மலையகக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் தோட்டங்களில் உறவுகள் உண்டு. மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட வடக்கு வாசகர்களுக்கு, ஒரு தகவல் நேரத்துக்கு வந்து சேர்வதன் பெறுமதியைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

மலையகத்தில் அந்தத் தகவல் பெரும்பாலும் மழையைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். மாற்றுக் காணி கொடுக்க வேண்டிய பொறுப்பை எந்த ஒலிபெருக்கியும் ஏற்காது. ஆனால் நள்ளிரவில் லயனை எழுப்ப ஒரு வழியாவது இருக்க வேண்டும்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனத்தின் அளவுகோல். ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தாலும் வெளியேற வேண்டும். அடி தட்டையான, பக்கம் நேரான ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, ஏழரை சென்டிமீட்டர் நீர் நின்றால் அதுதான் 75 மில்லிமீட்டர்.

அளந்தவர் எப்படி அறிவிப்பது? லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் நான் பார்த்த நல்ல ஒலிபெருக்கிகள் கோயில்களில்தான் இருக்கின்றன. சில, இளைஞர்கள் தாமே பொருத்திய அம்ப்ளிபயர்கள். திருவிழாவுக்குப் போதும். இரவில் அறை பூட்டியிருக்கும், சாவி இன்னொருவர் வீட்டில் இருக்கும். அதனால் அம்ப்ளிபயருக்கு இரண்டு வழி வேண்டும்: தூரத்து லயனிலிருந்து ஒரு சுவிட்ச், கோயிலிலேயே ஒரு சுவிட்ச். ஒன்று பழுதானாலும் மற்றது இயங்க வேண்டும்.

முதலில் 230 வோல்ட் பக்கம். உயிர்க்கம்பி பியூஸுக்கும், அடுத்துப் பிரதான சுவிட்சுக்கும் போகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை எப்போதும் இயங்கும் சிறிய 12 வோல்ட் மின்வழங்கிக்கு. மற்றது ரிலேயின் தொடுகைகள் வழியாகப் பெரிய ட்ரான்ஸ்போமருக்கு. ரிலே 12 வோல்ட் சுருளும் 250 வோல்ட், 10 அம்பியர் தொடுகையும் உள்ளதாக இருக்கட்டும். புவிக்கம்பியை உலோகப் பெட்டியில் இறுக்கிப் பூட்ட வேண்டும். புதிய வயர்களில் உயிர்க்கம்பி பழுப்பு, நொதுமல் நீலம், புவி பச்சை மஞ்சள். பழைய கட்டடங்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கலாம். நிறத்தை நம்பாமல் டெஸ்டரால் பார்க்க வேண்டும்.

அடுத்து 12 வோல்ட் பக்கம். நடுவில் நிறுத்தம் உள்ள மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று தேவை. ஒரு பக்கம் ‘கை’, மறுபக்கம் ‘தூரம்’. ‘கை’ முனைக்கு மின்வழங்கியின் 12 வோல்ட் நேரே வரும். ‘தூரம்’ முனைக்கு அதே 12 வோல்ட் ஒரு 817 இலக்க ஒப்டோகப்ளர் வழியாக வரும். சுவிட்சின் நடு முனையிலிருந்து 4.7 கிலோ ஓம் தடை ஊடாக 547 இலக்க ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கு இணைக்க வேண்டும். பேஸிலிருந்து 10 கிலோ ஓம் தடை ஒன்று எதிர்முனைக்கு. எமிட்டரும் எதிர்முனைக்கே. ரிலேச் சுருளின் ஒரு முனை 12 வோல்ட்டுக்கு, மறுமுனை கலெக்டருக்கு. சுருளுக்குக் குறுக்கே 4007 டையோட், அதன் கோடிட்ட பக்கம் 12 வோல்ட்டை நோக்கி. அது இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் மின்னுந்தல் ட்ரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

தூரத்து லயனில் தனியாக ஒரு 12 வோல்ட் பற்றரியும், அழுத்தினால் அப்படியே நிற்கும் சுவிட்சும் போதும். அங்கிருந்து இரண்டு கம்பிகள் வந்து, 1 கிலோ ஓம் தடை ஊடாக ஒப்டோகப்ளரின் உள்ளீட்டில் சேரும். ஓடுவது ஏறக்குறைய 11 மில்லி அம்பியர்தான். 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 200 மீற்றர் இழுத்தாலும் போய்வரும் தடை 35 ஓம் அளவு. இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. இரு பக்கமும் ஒளியால் மட்டுமே தொடர்புபடுவதால் கம்பி வழியாக இரைச்சலும் வராது. ஆனால் நேரடி இடியை இது தாங்காது.

மைக்கில் பேச ஆள் இல்லாதபோது எது ஒலிக்கும்? மின் வந்ததும் பென்டிரைவில் உள்ள பதிவைத் தானாக வாசிக்கும் எம்பி3 பலகை ஒன்றை அம்ப்ளிபயரோடு சேர்ந்து இயங்குமாறு கொடுக்கலாம். பதிவு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். எங்கே போய்க் கூட வேண்டும் என்பதையும் அது சொல்ல வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு. அடைமழையில் மின்சாரமே போய்விடும். அதற்குப் பற்றரியில் ஓடும் கார் அம்ப்ளிபயர் பொருத்தமானது. தடித்த கம்பி பியூஸ் ஊடாகப் பற்றரிக்கு நேரே போகும். ‘ரிமோட்’ என்று குறித்த முனைக்கு 12 வோல்ட் வந்தால் அது விழிக்கும். ட்ரான்சிஸ்டரும் ரிலேயும் அப்படியே இருக்க, ரிலேயின் தொடுகை வழியாகப் பற்றரியின் 12 வோல்ட்டை அந்த முனைக்குக் கொடுத்தால் சரி. அப்போது 230 வோல்ட் பக்கம் தேவையில்லை. கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் எம்பி3 பலகைக்கும் மின் அதே பற்றரியிலிருந்து வரும்.

230 வோல்ட் வேலையை அனுபவமுள்ள மின்னியலாளரே செய்யட்டும். பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும். சுவிட்ச் எப்போதும் ‘தூரம்’ பக்கமே நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை தூரத்து லயனிலிருந்து அழுத்திப் பாருங்கள். அந்தச் சுவிட்ச் இருக்கும் வீட்டில் ஆண்கள் வேலைக்கு வெளியூர் போயிருந்தால், அங்குள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது எதற்கென்று தெரிந்திருக்க வேண்டும்.